கடலோர இளைப்பாற்றி

வீட்டில் ஒருவர் நெஞ்சு வலி வந்து பிழைத்துவிட்டால், பிழைத்தவரை விட்டுவிட்டு அவர் பெண்டாட்டிக்குத்தான் ஊரே புத்தி சொல்லும். உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, வாயைக் குறை. அப்படி எனக்குப் புத்தி சொன்னவர்களில் கடைசியாக வந்து சேர்ந்தவர் என் மாப்பிள்ளை ஜெரால்ட். மாமாவுக்கு நல்ல ஓய்வு வேண்டும், தாய்லாந்தில் கூட்டமே இல்லாத கடலோர ஊர் ஒன்று இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் அங்கே வந்துவிடுங்கள், நானும் சான்ட்ராவும் லீவு போட்டுவிட்டு வருகிறோம் என்று சிங்கப்பூரிலிருந்து சொன்னார். என் பெண் சான்ட்ரா சொல்லியிருந்தால் அடி போடி என்று போனை வைத்திருப்பேன். மாப்பிள்ளையிடம் முகத்தில் அடித்தாற்போல் பேச முடியுமா? சரிங்க மாப்பிள்ளை, பார்க்கலாம் என்றேன்.

என் பெயர் ஆரோக்கியம். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். எனக்கு இன்றுவரை ஒரு தலைவலி வந்ததில்லை. என் பங்கையும் சேர்த்து என் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் வாங்கிக்கொண்டார். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற ரோட்டில், புதாறு என்று நாங்கள் சொல்லும் கால்வாய்க் கரையோரம் எங்கள் வீடு. முன்பக்கம் அவருடைய மோட்டார் பட்டறை. சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் பம்புசெட் புகைந்தாலும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு இங்கேதான் வருவார்கள், எரிந்த கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்ட. அவர் மோட்டாரைத் திட்டுவார், கரண்ட்காரனைத் திட்டுவார், மோட்டாரைத் தூக்கி வந்தவனைத் திட்டுவார். திட்டாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும் ஒன்றும் குறைந்த வாயில்லை. நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த மனிதர்தான் மார்கழியில் ஒரு காலை, காயில் கட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பட்டறையில் அவரோடு வேலை பார்க்கும் பிரபு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார்: நல்லபடியாக இருக்கிறார், மாத்திரையை விடக்கூடாது, ஆறின பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். டாக்டர் அப்படித்தான் சொல்வார். எதிரில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு என்ன சொல்ல முடியும்?

ஆனால் வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாக வந்தார். திட்டுவதே இல்லை. குழம்பில் உப்பில்லையா, சரி. கரண்ட் போய்விட்டதா, சரி. பிரபு ஒரு மோட்டாரைத் தப்பாகக் கட்டிப் புகையவிட்டான், அதற்கும் சரி. வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது மாதிரி இருந்தது எனக்கு. எங்கே கிடக்கிறது என்று தெரியாது, கிடக்கிறது என்று மட்டும் தெரியும். ராத்திரி விழிப்புத் தட்டும்போதெல்லாம் அவர் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். நன்றாக, நீளமாக மூச்சு வரும். மாதாவே ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். கண் அசந்ததும் திரும்ப எழுந்து வைத்துப் பார்ப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சான்ட்ராவிடம் கூட.

இந்த லட்சணத்தில்தான் தாய்லாந்து.

மூன்று இடங்களின் படங்களை மாப்பிள்ளை அனுப்பினார். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் அங்கே எழுதியிருந்ததைப் போனிலேயே தமிழாக்கி அனுப்பியிருந்தார். அம்மா ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் போதும், அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார் என்று சான்ட்ரா வேறு அவரை ஏற்றிவிட்டிருக்கிறாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்தைத் திறந்தேன். மணல், அலை, அலைக்குப் பத்தடி தள்ளி ஓட்டுக்கூரை போட்ட வீடு. அழகாகத்தான் இருந்தது. கீழே படித்தேன்.

'கடலோர இளைப்பாற்றி இல்லம். உங்கள் இறுதி இளைப்பாறுதலுக்கு உகந்த இடம். இங்கே வந்த விருந்தினர்கள் திரும்பிச் செல்வதில்லை.'

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மற்றவர்களுக்கு அந்த வார்த்தை எப்படியோ, எங்கள் கோவிலில் இளைப்பாற்றி என்றால் அது செத்தவர்களுக்கு. நித்திய இளைப்பாற்றி என்று சாமியார் ஆரம்பித்தால் சின்னப் பிள்ளை கூட மீதியைச் சொல்லும். தெருமுனையில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் போட்டோவுக்குக் கீழே இருப்பதும் அதுதான். பைபிளில் உயிரோடு இருக்கிறவர்களுக்கும் அந்த வார்த்தை உண்டு என்று சாமியார் சொல்வார். இருக்கட்டும், என் காதுக்கு அது கல்லறை வார்த்தை. களைத்து வந்தவனைப் பார்த்து எங்களில் யாரும் இளைப்பாறு என்று சொல்லமாட்டோம். செத்த சாஞ்சுக்க என்போம். அதிலும் ஒரு செத்த இருக்கிறது, அது வேறு செத்த, கொஞ்ச நேரம் என்று அர்த்தம்.

சான்ட்ராவுக்குப் போன் போட்டு, என்னடி, உன் வீட்டுக்காரர் உங்கள் அப்பாவை ஒரேயடியாக அனுப்பிவைக்கப் பார்க்கிறாரா என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது போன் செய்த தமிழாம். இதைவிட நல்ல ஓய்வு வேறெங்கும் கிடைக்காது, வந்தவர்களுக்கு ஊருக்குத் திரும்ப மனசே வராது என்றுதான் அங்கே எழுதியிருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன் சொன்னால் என்ன, பல்லி சொன்னால் என்ன, சொன்னது சொன்னதுதான்.

இரண்டாவது இடம் ஒரு தென்னந்தோப்புக்குள் நாலு குடிசை வீடு. 'அண்டை அயலார் இல்லை. நீங்கள் கூப்பிட்டால் ஒழிய ஒருவரும் வரமாட்டார்கள்.' கூப்பிட வாய் வராதவன் என்ன செய்வான்? அதுவும் தவிர, தென்னந்தோப்பைப் பார்ப்பதற்குப் பட்டுக்கோட்டை ரோட்டில் குடியிருக்கிறவள் ப்ளேன் ஏறிப் போவாளா? அதைத் தள்ளினேன்.

மூன்றாவது படத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கடைத்தெருவில் மாடிக் கட்டடம். கீழே மீன் கடை, காய்கறிக் கடை, ஒரே மோட்டார் சைக்கிளாக நிற்கிறது. எதிர்ப்புறம் சிவப்புச் சிலுவை போட்ட போர்டு. ஆஸ்பத்திரியோ மருந்துக்கடையோ, எதுவாக இருந்தாலும் சிலுவை சிலுவைதான். இதையே போடச் சொல்லு என்றேன். மாப்பிள்ளை லைனில் வந்து, அது சும்மா விலை பார்ப்பதற்காக அனுப்பியது அத்தை, விடிய விடிய வண்டிச் சத்தம் காதைப் பிளக்கும், ஓய்வுக்குப் போகிறவர்கள் அங்கே தங்கமாட்டார்கள் என்றார். சத்தம் இருக்கிற இடத்தில்தானே மாப்பிள்ளை ஆள் இருக்கும் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பக்கத்து வீட்டு நஃபீசாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லத்தான் வந்தாள், பாவம். வெளிநாடெல்லாம் இப்போது பயமில்லை அக்கா என்று ஆரம்பித்தவள், சவுதியில் அவள் கொழுந்தனார் மவுத்தானதையும், உடம்பை ஊருக்குக் கொண்டுவர அலைந்த அலைச்சலையும், கடைசியில் அங்கேயே அடக்கம் செய்துவிட்டதையும் சொல்லி முடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குத் தாய்லாந்து முழுக்கப் பேயாகத் தெரிந்தது. பாஷை தெரியாத ஊரில், அலைச் சத்தத்துக்கு நடுவில், இவர் கண்ணை மூடிவிட்டால் நான் யாரைப் பிடித்து உலுக்குவேன்? என் புருஷன் மூச்சு விடவில்லை என்பதை எந்தப் பாஷையில் சொல்வேன்?

அன்று சாயங்காலம் படங்களை அவரிடம் காட்டினேன். அவர் சரி என்று சொல்வார், கடைத்தெரு மாடியோடு கதை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முதல் படத்தில் நின்றுவிட்டார். கீழே எழுதியிருந்ததை உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இதுதான் வேணும், ஆரோக்கியம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாயைத் திறந்து இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. இறுதி இளைப்பாறுதல் என்று எழுதியிருக்கிற இடத்தைக் கேட்கிறார். வேளாங்கண்ணிக்குப் போனால் கூட கால் நனைக்காமல் மணலிலேயே உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வருகிற மனிதர், அலைக்குப் பத்தடியில் படுக்க வேண்டும் என்கிறார். அந்தக் கடல் என்ன செய்யும் என்று நாகப்பட்டினத்துக்காரர்களைக் கேளுங்கள் என்றேன். அவர் சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு இவரிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார், இவருக்கு நாள் குறித்தாயிற்று, அதை என்னிடம் சொல்லாமல் எங்கேயோ தூரமாகப் போய்விட நினைக்கிறார் என்று மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

மறுநாள் காலை கோவிலுக்குப் போனேன். பயணம் நல்லபடியாக முடிய ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம், அப்படியே பயணமே நின்றுபோகவும் மனசுக்குள் வேண்டிக்கொள்ளலாம் என்று யோசனை. பங்குச் சாமியார் பாதர் டேவிட்சன் சின்ன வயசுக்காரர், சிரித்த முகம். என்னைப் பார்த்ததும் அவரே பேச்சை எடுத்தார்.

"வாங்கம்மா. ஐயா நோயில் பூசுதல் கேட்டுட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கே வந்துடுறேன்."

அவர் நோயில் பூசுதல் என்றுதான் சொன்னார். என் காதில் அவஸ்தை என்று விழுந்தது. சாகக் கிடக்கிறவருக்குச் சாமியார் எண்ணெய் பூசுவதை எங்கள் வயசுக்காரர்கள் அவஸ்தை என்றுதான் சொல்வோம். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டு வாசலில் ஏறினால், உள்ளே தொண்டைக்குழியில் உயிர் நிற்கிறது என்று தெருவே எழுந்து நிற்கும். இப்போதெல்லாம் அப்படியில்லை, சுகம் கிடைக்கவும் பூசலாம், காய்ச்சலுக்குக் கூடக் கேட்கலாம் என்று பாதர் நல்லவிதமாக எடுத்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பூசைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். செருப்பைக் கோவில் வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தேன் என்பது ரோட்டுக்கு வந்து சூடு உறைத்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லை மிதித்துக்கொண்டே போகிறாயே என்று ஒருத்தி திட்டினாள். திட்டட்டும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கூடத்துக் கட்டிலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பட்டறையிலிருந்து பிரபு சாப்பிடப் போயிருந்தான். நான் கதவைச் சாத்தினேன். கத்த வேண்டும் என்றுதான் வந்தேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாம அவஸ்தை கேட்டிருக்கீங்க. டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"உன்கிட்ட சொன்னதத்தான் சொன்னாரு. நல்லாருக்கேன்னாரு."

பொய் சொல்லாதீங்க என்றேன். மாதா மேல் ஆணையாக ஒன்றும் இல்லை என்றார். அப்படியென்றால் எண்ணெய் எதற்கு, அந்தக் கடலோரம் எதற்கு, இந்த வீட்டில் சாக உங்களுக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, சாக என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டேனே என்று என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தூக்கம் வரல, ஆரோக்கியம். ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து ஒரு ராத்திரி கூட நான் சரியாத் தூங்கல. கண்ண மூடுனா திரும்பத் தொறக்குமான்னு பயமா இருக்கு. சாமியார் எண்ணெய் பூசுனா பயம் போயி தூக்கம் வரும்னு நெனச்சேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. நான்தான் ராத்திரியெல்லாம் பார்க்கிறேனே, நன்றாக மூச்சை இழுத்துவிட்டுத் தூங்குகிறீர்களே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அவருக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்ததை நானே உளறிவிட்டேன் என்று உறைத்தது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ கையக் கொண்டாறப்ப வளையல் சத்தம் கேக்கும். கேட்டதும் நல்லா இழுத்து விடுவேன். அப்பத்தான் நீ போயிப் படுப்ப. நீயாவது தூங்கட்டுமேன்னுதான்."

நான் என் கையைப் பார்த்தேன். இரண்டு தங்க வளையல், நடுவில் கண்ணாடி வளையல். ஒவ்வொரு ராத்திரியும் இந்தக் கையால் தொட்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுத்த மூச்சு ஒன்றுகூட உண்மையில்லை. இருட்டில் ஒரு மனிதர் பயத்தில் விழித்துக் கிடந்து, வளையல் சத்தத்துக்குக் காத்திருந்து, எனக்காகத் தூங்குகிறவர் மாதிரி மூச்சு விட்டிருக்கிறார். பாவி மனுஷா என்று அவர் தோளில் குத்தினேன். பிறகு, ஆறாத நெஞ்சாயிற்றே என்று பதறி, குத்திய இடத்தைத் தடவினேன். இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்தக் கடலோரம் எதற்கு என்று கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டேன்.

"அல ராத்திரி பூரா அடிச்சிக்கிட்டே இருக்குமாம். என் மூச்சு உனக்குக் கேக்காது, உன் வளையல் எனக்குக் கேக்காது. நீயும் காது குடுத்துக்கிட்டுக் கெடக்க வேணாம், நானும் நடிக்க வேணாம். ஒரு வாரம் ரெண்டு பேரும் தூங்கலாமில்ல."

நான் அவரைப் படுக்கச் சொன்னேன். பட்டப்பகல், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், கையைக் கொண்டு வரமாட்டேன், நடிக்க வேண்டாம் என்றேன். சரி என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் பெருமூச்சாக இரண்டு வந்தது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் சத்தம்தான். முதுகு அசைகிறதா என்று பார்த்தேன். சட்டை ஃபேன் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். தூங்கியிருந்தால் பாழாகிவிடும். இத்தனை நாள் தூங்காத மனிதர். தூங்கியிருக்காவிட்டால்? விரலை வைத்துப் பார்த்தால் போதும், ஆனால் கையைத் தூக்கினாலே வளையல் பேசும். பேசினால் அவர் முழித்துக்கொண்டு எனக்காக மூச்சு விட ஆரம்பித்துவிடுவார்.

வளையலைக் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது சின்னக் காரியமில்லை. கட்டினவர் இருக்கும்வரை கை வெறுமையாக இருக்கக்கூடாது. அப்பாவைக் குழியில் இறக்கிய அன்று கல்லறையில் வைத்துத்தான் அம்மாவுக்குக் கழற்றினார்கள். பழசைக் கழற்றும்போது கூட புதுசில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கழற்றுவோம். நான் அவரைப் பார்த்தேன். அசைவில்லை. மாதாவே, இதை அப்படி எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு முதல் வளையலை இழுத்தேன். வேர்வையில் வழுக்கி வந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, சத்தம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். தங்கம், கண்ணாடி ஒன்றையும் விடவில்லை. வெறும் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

எழுந்து, கட்டிலுக்கு மேலே குனிந்து, அந்தக் கையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒன்றும் படவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, விரல் நுனியில் லேசாகச் சூடு பட்டது. நின்றது. மறுபடி பட்டது. நான் தினமும் கேட்டது மாதிரி நீளமாக இல்லை, சின்னதாக, விட்டுவிட்டு வந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவர் கையை எடுத்துப் பார்த்தேன், துணி மாதிரி தொய்ந்து கிடந்தது. தூங்கிவிட்டார்.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. சான்ட்ரா. பின்கட்டுக்குப் போனால் தூரம் என்று அங்கேயே எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன். மாப்பிள்ளை ரூம் போட உட்கார்ந்திருக்கிறார், கடைத்தெரு மாடிதானே என்று கேட்டாள். வேண்டாம், முதல் படத்தில் இருக்கிறதே, அந்தக் கடலோரத்தையே போடச் சொல்லு என்றேன். அந்தப் பேரைச் சொல்லவில்லை. அவளுக்கு என் குரலைக் கேட்டே பயம் வந்துவிட்டது.

"ஏம்மா இவ்ளோ மெதுவாப் பேசுற? அப்பா எங்க? அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி," என்றேன். "அப்பா தூங்குறாரு."